புயலுக்கு முதல் கியர்

"மணி கிடைக்காம மலைய விட்டு இறங்க மாட்டேன்!" என்று காலையில் ஜீப்பில் ஏறும்போதே சவால் விட்டவள் பெனிட்டா. மணி கிடைத்துவிட்டது. இறங்கத்தான் வழியில்லை!

சிறுமலையில், வவ்வால் புடவு என்ற குகைக்குள் அவளும் நண்பன் அன்வரும் அடைபட்டுக் கிடந்தார்கள். எந்தக் காலத்திலோ கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஊரார் ஒளித்து வைத்த வெண்கல மணியைத் தேடி வந்தவர்கள். பெனிட்டாவின் ரிமோட் கார், பெயர் புயல், விளக்கைப் போட்டுக்கொண்டு இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து அதைக் கண்டுபிடித்தும் கொடுத்தது. அந்த நேரம் பார்த்தா மழை கொட்ட வேண்டும்? மண் இளகி, ஓர் உருண்டைப் பாறை சரிந்து வந்து குகை வாசலை அடைத்துக்கொண்டது. பின்பக்க வெடிப்பிலிருந்து தண்ணீர் வேறு பீய்ச்சியது.

"முழங்கால் வந்திருச்சு!" என்றான் அன்வர். "இப்படியே போனா ஒரு மணி நேரத்துல கூரையத் தொட்டுரும்."

பெனிட்டா மணியின் நாக்கைப் பிடித்து ஆட்டினாள். டாண்! டாண்! காது கிழிந்தது. ஆனால் வெளியே ஜீப்பில் காத்திருந்த டிரைவர் வெள்ளைச்சாமி ஓடி வந்துவிட்டார்.

"யம்மா, உசுரோட இருக்கீங்களா?" பாறையின் மேல் ஓரத்தில், கூரையை ஒட்டி, சாண் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகத்தான் குரல் வந்தது.

"இருக்கோம்ண்ணே! தண்ணி ஏறுது!"

"வடக்கயிறு வச்சிருக்கேன். பாறையில கட்டி ஜீப்ப விட்டு இழுத்துரலாம். ஆனா உங்க பக்கம் இருந்துதான் கட்டணும். கயித்த எப்படி உள்ள விடுறது? குச்சிய விட்டுப் பாத்தேன், நடுவுல கல்லுமேடு முட்டுது."

அன்வரின் முகம் மலர்ந்தது. "புயல் வாலுலதான் நைலான் கயிறு கட்டியிருக்கே! அத அனுப்பு. அண்ணன் நைலான்ல வடத்தக் கட்டட்டும், நாம இங்க இழுத்துக்குவோம். முதல் கியர்ல போட்டா மேடெல்லாம் ஏறிரும். ரெண்டு கியரும் வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது" என்றாள் பெனிட்டா.

பொய்! போன வாரப் பந்தயத்தில், தாவும் இடத்தில் கியர் தானாக முதலுக்கு நழுவி அவள் தோற்றுப்போனாள். அந்த ஆத்திரத்தில் கியர் நெம்புகோலை இரண்டாவதிலேயே வைத்து, பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அதைச் சொல்ல வெட்கம். வெள்ளம் கழுத்துக்கு வரும்போதும் கௌரவம் பார்க்கிற பிறவிகள் உண்டு!

புயல் சந்துக்குள் சீறிக்கொண்டு பாய்ந்தது. மேட்டில் மோதியது. சக்கரம் அசையவில்லை. மோட்டார் 'ங்ங்ங்' என்று முனகியது. சந்திலிருந்து கருகிய வாடை வந்தது.

"நிறுத்து! மோட்டார் எரியப் போகுது!" அன்வர் கத்தினான். "முதல் கியர் போடச் சொன்னேன்ல?"

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. பெனிட்டா ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தாள். "போட முடியாது அன்வர். நானே கட்டி வச்சிருக்கேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அன்வர் கயிற்றைப் பிடித்துக் காரைப் பின்னால் இழுத்தான். "வார அவுத்து விடு, சீக்கிரம்!"

கத்தி இல்லை. பல்தான் இருந்தது! வாரைக் கடித்துக் கடித்து அறுத்தாள், உதடு கிழிந்தது. ரிமோட்டில் கியர் பொத்தானை அழுத்தினாள். கியர் விழவில்லை.

"கியர்ப் பல்லும் பல்லும் நேருக்கு நேரா முட்டிக்கிட்டு நிக்கும்" என்று முணுமுணுத்தபடி சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினாள். 'டக்!' உள்ளே கியர் மாற்றும் வளையம் நகர்ந்து முதல் கியரைக் கவ்வியது.

மோட்டார் அதேதான், பாட்டரியும் அதேதான். ஆனால் இப்போது சின்னப் பல்சக்கரம் பெரியதைச் சுற்றியது. மோட்டார் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வேகம் செத்தது, பலம் பிறந்தது! மறுபடி சந்துக்குள் விட்டதும் புயல் ஆமையாக ஊர்ந்து மேட்டில் முன்சக்கரத்தை வைத்தது. பின்சக்கரமும் ஏறியது. உச்சியைத் தாண்டி இறங்கிவிட்டது!

தண்ணீர் மார்பைத் தொட்டது. ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். "இனிமே சமதளம்தானே, ரெண்டாவது போடு!" என்று அன்வர் பதறினான்.

"மாட்டேன்! ஓடுறப்ப மாத்துனா பல்லு நொறுங்கும். நிறுத்தி மாத்துனா, திரும்ப விழுதோ விழலையோ!"

அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாகப் போனது.

"வண்டி வந்திருச்சும்மா!" வெளியே வெள்ளைச்சாமி கூவினார்.

அவர் வடத்தைக் கட்டினார். இருவரும் உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையின் உள்பக்கம் துருத்திய முனையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள்.

"அண்ணே, ஜீப்பையும் முதல் கியர்ல..."

"எனக்கே பாடமா?" ஜீப் உறுமியது. பாறை முனகியது, அசைந்தது, வாசலோடு உரசி வெளியே உருண்டது! அடைபட்ட தண்ணீர் இருவரையும் மணியோடு சேர்த்துச் சேற்றில் கொண்டுபோய்த் தள்ளியது. மழையில் மல்லாந்து கிடந்தபடி பெனிட்டா அழுதாள், சிரித்தாள்.

ஊரே திரண்டு மணியை மலையிலிருந்து இறக்கி, ஊர் நடுவில் தொங்கவிட்டது. முதல் அடி பெனிட்டா கையால்தான் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மணிக்கயிற்றை வாங்கப் போனவளை அன்வர் தடுத்தான்.

"இப்பச் சொல்லு. புயல்ல ரெண்டு கியரும் வேலை செய்யுதா?"

அவள் பையிலிருந்த காரைப் பார்த்தாள். "முதல் கியர் செய்யுது. ரெண்டாவது இன்னும் போட்டுப் பாக்கல. தெரியாது."

அன்வர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவள் கையில் கொடுத்தான்.