நியூட்ரலில் இறங்கிய லொறி

அப்புத்தளைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயத்து வீடுகளுக்குப் பின்னால் லொறி நின்றது. மூன்று வருஷத்து மழை அதன் மேல் பெய்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. ஆனாலும் பனிமூட்டத்தில் பைக் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறி வந்தேன்.

“பதுளை மெக்கானிக் ஹஸீப் நானாவா? வாங்க,” என்றாள் சிவசக்தி, முஸ்லிம் அண்ணனை அழைக்கிற முறையில். “இது ஓடுமா?”

அறுபத்திரண்டாம் வருஷத்து லொறி. சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்க வாசலில் நிறுத்துவதற்காக எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டல்காரர் அதைக் கேட்டிருந்தார். ஓட்டிக்கொண்டு வந்து தரவேண்டும் என்பது பேச்சு.

“ஓட வைக்கலாம் தங்கச்சி. என்னைவிட இதுக்கு வயசு கூட. ஆனா என்னைவிடக் குறைவாத்தான் இருமும்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டவள்போல உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“குடுக்கப் போற அன்னிக்கு நானும் முன்னுக்கு ஏறி வருவேன் நானா. அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்.”

‘அவர்’ இந்த லொறியை ஓட்டிய அவளுடைய கணவன் கிருஷ்ணராஜ். டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருஷம் சிவசக்தி நிறைமாதமாக இருந்தாள். அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன் சொட்டுச் சொட்டாக டீசல் மிச்சம் பிடித்தான். மலைச் சாரதிகள் எல்லோருக்கும் தெரிந்த வழிதான்: இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை உருளவிடுவது. ஒருநாள் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளின் பாரத்தோடு உருளும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது.

அவன் உடல் வீட்டுக்கு வருமுன் அவளுக்கு வலி கண்டது. கேனில் டீசல் இருந்தது. ஊற்ற வண்டி இல்லை. ஆண்கள் அவளை அவனுடைய கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். வயிற்றில் அசைவு நின்றது வழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பிள்ளை தங்கலேன்னு அவருக்குத் தெரியாது நானா. நான்தானே சொல்லணும்.”

இரண்டு மாதம் வேலை. பிரேக்கைப் புதிதாகப் பூட்டினேன், கிளச் தட்டை மாற்றினேன், கியர்ப் பெட்டியைப் பிரித்துக் கழுவினேன். பழைய பெட்டி. கியரைக் குறைக்க கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் எக்சிலேட்டர். தாளம் தப்பினால் பல்லை நறநறவென்று கடிக்கும்.

ஒவ்வொரு மாலையும் நியூட்ரலில் விட்டுவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் இரண்டாம் கியரில் இருக்கும், இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கிற கியர்.

“யாரும் ஏறினீங்களா தங்கச்சி?”

“இதுல ஏற இங்க யாருக்கு நானா தைரியம் இருக்கு?”

கொண்டுபோன அன்று பிற்பகல் இரண்டு மணி. சிவசக்தி என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பனியில் தேயிலைச் செடிகள்கூடத் தெரியவில்லை. இறக்கம் தொடங்கியது. நானும் இந்த மலையில் வண்டி ஓட்டிப் பழகியவன்தான். யோசிக்காமல் கியர்க் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

அது திரும்பி வந்தது.

என் காலுக்குக் கீழே கிளச் தானாக அமுங்கியது. இன்ஜின் மெல்ல உறுமியது. கிளச் மறுபடியும் அமுங்கியது. இரண்டாம் கியர் ஒரு கீறல் சத்தமில்லாமல் விழுந்தது.

அவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் போட்டதில்லை.

கெபினுக்குள் ஈரக் கம்பளி வாசம் எழுந்தது.

“வந்துட்டாரு,” என்றாள் சிவசக்தி, காற்றுபோல.

“சொல்லிடு தங்கச்சி,” என்றேன். “சொல்லிடு.”

அவள் டேஷ்போர்ட்டை ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

கும்பல்வெல சந்தியில், ஹோட்டல் இருக்கும் எல்ல ரோட்டுக்குத் திருப்பப் பார்த்தேன். ஸ்டியரிங் அசையவில்லை. நானே பூட்டிய பிரேக்கை மிதித்தேன். அதுவும் கேட்கவில்லை. லொறி பதுளை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வேகமில்லை. குழி வந்த இடமெல்லாம் தானாகவே மெதுவாகி, பூப்போல இறங்கி ஏறியது.

யாருக்காக அப்படிப் பார்த்துப் போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்ட்டு வாசலுக்கு நேரே நின்றது. இன்ஜின் அணைந்தது. அவள் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது.

சிவசக்தி இறங்கித் திரும்பி நின்றாள். அவள் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

“பிள்ளை...” என்றாள். எதையோ கண்டவள்போல அப்படியே நின்றாள். பிறகு ஒரு புன்னகையை இழுத்து வரவழைத்துக்கொண்டாள்.

“பொம்பளப் புள்ள. உங்க ஜாடை. சுகமா இருக்கு.”

என் பிடரியில் ஒரு நீண்ட மூச்சு இறங்கியது. வெதுவெதுப்பாக. மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

நான் இறங்கி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தேன். “பொய் சொல்லிட்டியே தங்கச்சி!”

“அந்த முகத்தப் பாத்து எப்படி நானா சொல்றது?”

காவலாளி விசிலடித்தான். கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னான். சாத்தினேன்.

உள்ளேயிருந்து யாரோ அதை மெல்லத் தள்ளித் திறந்தார்கள்.

மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்தது. கோபமில்லை, அவசரமில்லை. தாயும் பிள்ளையும் வந்து ஏறும்வரை காத்திருக்கிற ஒருவனுடைய பொறுமை அதில் இருந்தது.