குருத்தோலைக் கரி

தாள் நீலமாகவில்லை.

பெலிசியா காரம் இருக்கிறதா என்று காட்டும் தாள் இன்னொன்றைக் கிழித்து ஈரக்கரியில் தொட்டாள். லேசாகப் பச்சைதான் ஆனது. சிதம்பரத்து ஆய்வகத்தில் புதன்கிழமை சாயங்காலம், மின்விசிறி தலைக்கு மேலே கடகடத்தது, உலையின் சூடான இரும்பு வாடை இன்னும் போகவில்லை, ஜன்னல் வலையில் ஒரு குளவி முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தது. இந்த டப்பாவில் இருக்க வேண்டியது காரம் போட்டுச் சுட்ட கரி. அமிலத்தில் கழுவும்வரை தோலைத் தின்னும். தாள் கருநீலமாகியிருக்க வேண்டும்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காகக் கடலூரில் அவள் பங்குக் கோயிலில் சேர்த்த பழைய குருத்தோலைகளை, "எங்க உலையில நைஸா சுட்டுத் தரேன்" என்று உபதேசியாரிடம் பெருமையடித்து வாங்கி வந்தவள் அவள்தான். பாதியைச் சும்மா சுட்டாள், கோயிலுக்கு. மீதியைக் கேட்காமலே எடுத்துக் காரம் கலந்து சுட்டாள், மின்சாரம் சேமிக்கும் கரிக்கு. ஆய்வேட்டுக்குப் புதிதாக ஓர் அத்தியாயம் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே மாதிரி டப்பா. மேலே எதுவும் எழுதவில்லை. தனக்குத் தெரியாதா என்ற திமிர்.

திங்கட்கிழமை மற்ற டப்பாவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

மணி ஆறு பத்து. பூசை ஐந்தரைக்கு. உபதேசியார் ஃபோனை எடுக்கவில்லை. நான்காவது முறை அழைத்தபோது கணவன் லூர்து பிரகாஷ் வீடியோவில் வந்தான்.

"இன்னா பெலிசி, பூசை நேரத்துல?"

"விபூதி பூசிட்டாங்களா?"

"இப்பதான். பாப்பா மொதல்ல ஓடிட்டா. சோப்பு மாரி வழவழன்னு இருக்குதாம், சிரிக்கிறா."

"கழுவுங்க! நெறைய தண்ணி ஊத்துங்க! ஃபாதர நிறுத்தச் சொல்லுங்க!"

பாடகர் குழு உச்சத்தில் இருந்தது. அவனுக்குப் பாதிதான் கேட்டது.

"விபூதியப் போய் கழுவுவாங்களா? ராத்திரி வரைக்கும் இருக்கணும்னு நீதான சொல்லிக் குடுத்த. இந்தா, உன் மவளப் பாரு."

திரையில் ஜோதி. ஆறு வயது. நெற்றியில் ஈரமான கருப்புச் சிலுவை. ஓரங்கள் சிவந்திருந்தன. கோயிலுக்குள் புழுக்கம். வியர்வை. ஒரு கருப்புத் துளி இறங்கியது. புருவத்தில் நின்றது. பருத்தது.

"கைய எடு! ஜோதி, கண்ணத் தொடாத!"

"அம்மா, எரியுது."

குழந்தை கண்ணைக் கசக்கினாள்.

இரண்டு கைகளாலும்.

பின்னால் ஃபாதர் கட்டைவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். மறுபடி கிண்ணத்தில் தொட்டார். பிள்ளைகள் வரிசை வாசல்வரை நின்றது. அடுத்தவன் முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டான்.