ஓடைமணலில் மிளகாய்ப்பொடி

ரஃபேல் ஒகாம்போ பால் இல்லாத காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, கர்ட்டிஸின் மனைவி ஜூன் பெல்லமி கூடாரங்களுக்கு நடுவே தள்ளாடி வந்தாள். முழங்கை வரை ரத்தம். அவனைத் தாண்டிப் போய் லோர்னா கெஸ்லரின் எதிரே நின்றாள். ஓய்வு பெறும்வரை லோர்னா கொலை வழக்குகளைத்தான் விசாரித்தவர் என்பது நடைபயணக் குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

"கர்ட்டிஸ் ஓடையில செத்துக் கிடக்கிறார். போலீஸ் வர்றதுக்குள்ள ஆளு ஓடிடுவான். நீங்க கண்டுபிடிங்க லோர்னா."

விடிந்ததும் விறகு பொறுக்கப் போன குழுத் தலைவர் கர்ட்டிஸ், வறண்ட ஓடையின் மணலில் மல்லாந்து கிடந்தார். மண்டையின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. பக்கத்தில், குழுவின் மிளகாய்க்கறிப் போட்டிக்குச் சமைக்க வந்த ஹார்லன் டக்கின் வார்ப்பிரும்புச் சட்டி. அடியில் ரத்தமும் முடியும். ஒகாம்போவை உலுக்கியது அதுவல்ல. செத்தவரின் இமைகள் பழம் போல வீங்கி மூடியிருந்தன. முகமெல்லாம் சிவப்புப் பொடி. கண் தெரியாமல் அவர் தவழ்ந்த தடம் மணலில் சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

"பொடியும் சட்டியும் ஹார்லனோடது," என்றான் ஒகாம்போ. "கர்ட்டிஸ் மண்டையை உடைப்பேன்னு நேத்து கத்தினதும் அவன்தான்."

"ரெண்டும் ராத்திரி பூரா சமையல் மேஜை மேலதான் கிடந்துச்சு. யாரு வேணாலும் எடுத்திருக்கலாம்," என்றார் லோர்னா. "அது சரி, நீங்க ஏன் பால் ஊத்திக்கலை?"

குளிர்பெட்டியில் பால் கேன்கள் இல்லை என்றான் அவன். தேடச் சொன்னார். குப்பைக்குழியில், சாம்பலுக்கு அடியில், காலியாகக் கிடைத்தன.

போட்டித் திடலில் இறைச்சிச் சட்டிகள் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தன. சமையல்காரர்கள் எல்லாருடைய கையும் நேற்று முதல் மிளகாய் அரைத்துச் சிவந்திருந்தது. நடுவர் எமெட் ஸ்டோவல் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். ருசி பார்க்கும் நேரம் வரை நடுவர் மிளகாய்ப் பக்கமே வரக்கூடாது என்பது குழுவின் விதி. நேற்று கண்ணாடி இல்லாமலே, பாறை உச்சியில் வட்டமிட்ட பருந்தை முதலில் காட்டியவர் அவர்தான். இன்று ஒரு பக்கக் காம்பு ஒடிந்த பழைய மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். லோர்னா காரணம் கேட்டார். ராத்திரி அடித்த காற்றில் கண்ணில் மண் விழுந்துவிட்டது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் போட முடியவில்லை என்றார். அவர் பக்கத்திலேயே, முந்தின மாலை விட்டுப்போன காகிதத் தட்டுகள் அடுக்கு கலையாமல் இருந்தன.

அதற்குள் கர்ட்டிஸின் நண்பர்கள் ஹார்லனைக் கீழே தள்ளி உதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் வாயிலிருந்து ஒரு பல் தெறித்து விழுந்தது. கூடாரக் கழியால் அடிக்க ஓங்கியவனின் கையை லோர்னா பிடித்துக்கொண்டார்.

"கழியைக் கீழ போடு. இவன் செய்யலை," என்றார். "கொன்னவன் கையில மிளகாய் ஒட்டியிருக்கு. தண்ணியில கழுவினா எரிச்சல் போகாது. அதான் பாலை எடுத்துக் கழுவி, கேனைப் புதைச்சிருக்கான். சமைக்கிறவன் எதுக்குப் புதைக்கணும்? அவன் கையில மிளகாய் இருந்தா யாரு கேட்கப் போறா? கேள்வி வரும்னு பயந்தவன் சமைக்காத ஆளு. பால்ல கழுவியும் காரம் போகாத விரலால லென்ஸ் போட முடியாம, பழைய கண்ணாடியைத் தேடின ஆளு."

எல்லாரும் திரும்பினார்கள்.

"ராத்திரி காத்தே அடிக்கலை, எமெட். ஒரு தட்டு கூட நகரலை. நான் சொல்றது தப்புன்னா, கண்ணாடியைக் கழட்டிட்டு அந்த விரலால கண்ணைத் தேய்ங்க."

எமெட் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த கறிக்கத்தியை எடுத்துப் பாய்ந்தார். ஒகாம்போ குறுக்கே விழுந்தான். அவன் தோளைக் கத்தி எலும்பு வரை கிழித்தது. தரையில் கிடந்த ஹார்லன் அடுப்பை எட்டி உதைக்க, கொதித்த சட்டி கவிழ்ந்து எமெட்டின் கால்களை அவித்தது. அவர் அலறி விழுந்தார். அவரைக் கயிற்றால் வண்டிச் சக்கரத்தோடு கட்டினார்கள்.

லோர்னா ஒகாம்போவின் தோளைத் துணியால் இறுக்கினார். போன கோடையில் கர்ட்டிஸ் நடத்திய நடைபயணத்தில் பின்தங்கிச் செத்துப்போன டெஸ்ஸா, எமெட்டின் மகள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கர்ட்டிஸ் நேத்து அடுப்படியில அவளைச் சொல்லிச் சிரிச்சான்," என்றார் எமெட். "மெதுவா நடக்கிறவங்க எல்லாம் நரிக்குத் தீனின்னான். நீங்க எல்லாரும் கூடச் சிரிச்சீங்க."

ஜூன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து ஒகாம்போ எழுந்திருக்கப் பார்த்தான். அவள் எமெட்டின் முன்னால் குந்தினாள்.

"கர்ட்டிஸ் கடைசியா என்ன கேட்டார்?"

"கண்ணைக் கழுவத் தண்ணி கேட்டான். என் இடுப்புல நிறைஞ்ச பாட்டில் இருந்துச்சு. குலுக்கிச் சத்தத்தைக் காட்டினேன். சத்தம் வந்த பக்கம் தவழ்ந்து வந்தான். நான் நகர்ந்து நின்னேன். மறுபடியும் வந்தான்."

ஜூன் தன் கையில் காய்ந்திருந்த ரத்தத்தை மணலில் தேய்த்தாள்.

"உங்க பொண்ணு கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டுச்சு," என்றாள். "பாறைக்குப் பின்னாலதான் இருந்தா. நடந்துக்கிட்டே இருன்னு கர்ட்டிஸ் சொன்னார். நானும் நடந்தேன்."