கண் மூடிக் கேட்டவன்

“நிப்பாட்டுங்க… அண்ணே, ஓட்டோவ நிப்பாட்டுங்க!”

மண்முனைப் பாலத்தைத் தாண்டி முதல் சந்திக்குக்கூட வந்து சேரவில்லை. தக்ஷாயினி போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரர் பிறேக்கை அமத்த, அவள் மடியிலிருந்த கல்யாணக் காட்கள் சரிந்து காலடியில் விழுந்தன. பக்கத்திலிருந்த அவள் அம்மா சீதேவி பதறிப்போனாள்.

“என்ன மனே? வயித்தப் பிரட்டுதா?”

தக்ஷாயினிக்கு அது காதில் விழவில்லை. மின்கம்பத்தில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணீர் அஞ்சலி…

காலை மழையிலும் காற்றிலும் பதாகையின் கீழ்ப்பக்கக் கயிறு அறுந்து, பாதி மடிந்து சுருண்டு கிடந்தது. பெயர் தெரியவில்லை. விலாசம் தெரியவில்லை. படம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தில் இன்னும் மழைத்துளிகள் வழிந்துகொண்டிருந்தன. எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிற்பதுபோல் இருக்கும் அந்தக் கண்கள்…

ஜெயரூபன்.

ஏழு வருடமாக அவள் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

“அண்ணே… இந்தச் செத்த வீடு எங்க?”

“அந்தா, அந்த ஒழுங்கைக்குள்ள. நேத்து இந்தப் பக்கம் ஆள் ஏத்திக்கொண்டு ஒரு ஹயர் வந்த நேரம் பந்தல் போட்டுக்கொண்டு நிண்டாங்க” என்றார் ஓட்டோக்காரர்.

அவள் இறங்கிவிட்டாள். சீதேவி அவள் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தாள்.

“உனக்கு விசரா புள்ள? சொந்தக் கலியாணத்துக்குக் காட் குடுக்க வெளிக்கிட்டுட்டு, செத்த வீட்டுக்குள்ள கால் வைக்கிறதா? ஆரு அது?”

“தெரிஞ்ச ஆள் அம்மா.”

தெரிஞ்ச ஆள்… அவனை ஒரு நாளும் நேரில் காணாத அம்மாவிடம் வேறு என்ன சொல்வது? தலைப்பை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள். நடந்தாளா, ஓடினாளா… அவளுக்கே தெரியவில்லை. தூறல் மறுபடி தொடங்கியிருந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் மழை.

அவளுக்கு அப்போது இருபது வயது. கதிரவெளியிலிருந்து வந்து, மட்டக்களப்பு டவுனில் சித்தி வீட்டில் நின்று முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்லடிப் பழைய பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, எதிரே ஒருவன் நனைந்தபடி ஓடிவந்து அவள் கையிலிருந்த குடையைப் பிடித்தான்.

“குடையத் தாங்க. கமெரா நனையுது!”

“அப்ப நான் நனைஞ்சாப் பரவாயில்லையா?”

“நீங்க காய்ஞ்சிருவீங்க. கமெரா காயாது.”

என்ன திமிர்! திட்டத்தான் நிமிர்ந்தாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து சொட்டுகிற நீருக்குள் அந்தக் கண்கள் சிரித்தன… திட்டு வரவில்லை. நாலு பெடியன்கள் சேர்ந்து எடுத்த ஏதோ குறும்படம். அவன்தான் கதாநாயகன். வாவியைப் பார்த்து ஒரு வசனம் பேச அவனுக்குப் பதினொரு தடவை எடுத்தது. அவள் பதினொரு தடவையும் நனைந்துகொண்டு பார்த்தாள்.

அடுத்த நாள் பயிற்சி நிலையத்துக்கு முன்னால் குடையோடு நின்றான்.

“நல்லாக் காய வச்சுத்தான் கொண்டுவந்தன்” என்றான்.

“நான் இன்னும் காயல்ல” என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இரண்டு நாள் வெட்கமாக இருந்தது.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை… தாயாரைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். கதிரவெளியில், மகளும் மருமகனும் வாழ்வதற்கென்று அப்பா கட்டிய வீட்டு விறாந்தையில், வெளுத்த வேட்டியோடு காலையிலிருந்து அப்பா காத்திருந்தார். சோறு ஆறியது. கறி ஆறியது. பொழுது சாயும்போது அப்பா எழுந்து வேட்டியை மாற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

திங்கட்கிழமை அவன் வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான்!

“தக்ஷா, திடீரெண்டு கொழும்பில இருந்து கூப்பிட்டுட்டாங்க! ரெலி நாடகம். நாலு மணித்தியாலம் கமெராவுக்கு முன்னால செத்துக் கிடந்தன்…”

“நீங்க ஆரு?” என்றாள் அவள், கேற்றைத் திறக்காமல்.

“தக்ஷா…”

“நான் உங்கள ஒரு நாளும் நினைக்கல்ல. நீங்கதான் ஏதோ நினைச்சிட்டீங்க. போங்க.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பார்த்து… நம்பிவிட்டான். நடிகன் அவன். ஆனால் அன்றைக்கு நன்றாக நடித்தது அவள்.

நடந்துவந்த ஒழுங்கை முடிந்தது. வெள்ளைத் துணி, பந்தல், பிளாஸ்டிக் கதிரைகள், வெள்ளைச் சேலையில் பெண்கள். முற்றத்தின் நடுவே சவப்பெட்டி. தலைமாட்டுப் பக்கம் ஒரு பெரிய கமெரா நின்றது. வெளிநாட்டுச் சொந்தக்காரருக்குக் காட்டுகிறார்களாக்கும் என்று நினைத்தாள். இப்போதெல்லாம் எந்தச் செத்த வீட்டில்தான் கமெரா இல்லை?

யாரும் அவளைத் தடுக்கவில்லை. கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலையோடு, நெற்றிப் பொட்டோடு, வெள்ளைக்குள் புகுந்து பெட்டிக்கு முன்னால் போய் விழுந்தாள்.

அவன்தான். மூக்கில் பஞ்சு. நெற்றி நிறையத் திருநீறு. அந்தக் கண்கள் மூடியிருந்தன…

“நான் பொய் சொன்னனான்” என்றாள்.

அழுகை வரவில்லை. பேச்சுத்தான் வந்தது. ஏழு வருடம் அடைத்து வைத்த பேச்சு.

“அண்டைக்குக் கேற்றடியில நிண்டு உங்கள ஆரெண்டு கேட்டன். பொய். அதுக்கு முதல் நாள் முழுக்க உங்களுக்காகப் பச்சைச் சீலை கட்டிக்கொண்டு நிண்டன். அப்பாட முகத்தப் பாத்த கோவத்தில சொல்லிட்டன். சொல்லிட்டு உள்ளுக்குப் போய்க் கதவடியிலயே நிண்டன், நீங்க திரும்பி வந்து இன்னொருக்காக் கேப்பீங்க எண்டு… ஏன் வரல்ல? ஒருக்காக் கேட்டிருந்தா, உங்கள நினைக்காத நாளே இல்லையெண்டு சொல்லியிருப்பனே… உங்கட படம் எல்லாம் பாத்தன். நீங்க செத்து விழுற இடம் வந்தா மட்டும் போனைக் கவுட்டு வச்சிருவன். எனக்குப் பாக்க ஏலாது. இண்டைக்கு நேரில பாக்க வச்சிட்டீங்களே…”

அப்போதுதான் அழுகை வந்தது. பெட்டியின் விளிம்பில் முகத்தை வைத்து அழுதாள்.

“கட்!”

யாரோ கை தட்டினார்கள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. இருபத்தைந்து வயதிருக்கும், தொப்பி போட்ட ஒருவன் ஓடிவந்தான். அங்கே எடுத்துக்கொண்டிருந்த படத்தின் இயக்குநர் நிலோஜன்.

“அக்கா! ஆரக்கா உங்களக் கூட்டி வந்த? இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க? என்னா நடிப்பு!”

பெட்டிக்குள் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். மூக்குப் பஞ்சை எடுத்தான். அவன் கன்னங்களில் திருநீறு கரைந்து இரண்டு கோடாக வழிந்திருந்தது.

“அடி ஆத்தே! புள்ள உண்மையெண்டு நினைச்சிட்டாள் போல!” என்று வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

தக்ஷாயினி எழுந்து நின்றாள். உயிரோடு இருக்கிறான்… அந்தச் சந்தோஷம் நெஞ்சுக்குள் பொங்கிய அதே கணத்தில், உடம்பெல்லாம் கூசியது.

“கேட்டுக்கொண்டா கிடந்தீங்க?”

“ஓம்.”

“எல்லாத்தையும்?”

“ஓம் தக்ஷா.”

“அண்டைக்கும் கமெராதான். இண்டைக்கும் கமெராதான், என்ன?”

அவன் தலையைக் குனிந்தான். அவள் நிலோஜன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, வாற பதினெட்டாந் திகதி எனக்குக் கலியாணம். அவர் நல்ல மனிசன். நான் சொன்னது ஒண்டும் வெளியில வரக்கூடாது. அழிச்சிருங்க.”

“அக்கா, குரலை மாத்தலாம்… முகத்தை மட்டும்…”

“முகமும் வேணாம்.”

நிலோஜனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“இந்த மனிசன்ட கதை உங்களுக்குத் தெரியுமா அக்கா? சென்னையில பதினாலு படம். பதினொண்டில பிணம்! ஒரு படத்தில சிலோன்காரனா வசனம் குடுத்தாங்களாம். மட்டக்களப்புப் பேச்சில பேசினாராம். ‘இது சிலோன் தமிழ் மாதிரியே இல்லையே தம்பி’ எண்டு அதையும் வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க. இதுதான் இவருக்கு முதல் படம், கதாநாயகனா. இப்ப எடுத்ததுதான் இந்தப் படத்திலயே உயிர். இது போனா இதுமாதிரி மறுகா எடுக்க ஏலாது அக்கா…”

 ஜெயரூபன் பெட்டியிலிருந்து இறங்கி நேரே கமெராவிடம் போனான். அதன் சின்னத் திரையில் அந்தக் காட்சியை ஓடவிட்டான். அவன் முகமும் அவள் முகமும் ஒரே சட்டத்துக்குள்… ஏழு வருடத்தில் முதல் தடவையாக. ஒரு நிமிடம் பார்த்தான்.

“அண்ணே, வேணாம் அண்ணே…” என்றான் நிலோஜன்.

அழிக்கவா என்று கமெரா கேட்டது. ஜெயரூபன் விரலால் தொட்டான். திரை கறுத்தது.

“போயிற்று” என்றான். நிலோஜன் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

தக்ஷாயினி திரும்பி நடந்தாள். ஒழுங்கை முகப்பில் ஓட்டோ நின்றது. அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெறுங்காலோடு சேற்றில் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் நின்றாள். திரும்பவில்லை.

“அண்டைக்குக் கமெராவுக்காகப் போனது உண்மை” என்றான் அவன். “அதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு வாயில்ல. உன்ட அப்பா எவ்வளவு நொந்திருப்பார் எண்டு… அது எனக்கு இண்டைக்குத்தான் விளங்கிச்சு. ஆனா இண்டைக்கு நான் படத்துக்காகக் கிடக்கல்ல தக்ஷா.”

“வேற என்னத்துக்கு?”

“முதல் சொல்லிலயே உன்ட குரல் தெரிஞ்சிட்டு. எழும்பியிருக்கலாம். ஆனா கண்ணத் திறந்தா நீ நிப்பாட்டியிருப்பாய். உயிரோட இருக்கிறவனுக்கு நீ அதச் சொல்ல மாட்டாய்… அந்தப் பயத்தில கிடந்தன். நிலோஜன் கட் சொல்லாட்டி இன்னும் கிடந்திருப்பன்.”

மழைத்துளி ஒன்று அவள் இமையில் விழுந்து நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“மூண்டு தரம் கதிரவெளிக்கு பஸ் ஏறினன்” என்றான் அவன் தாழ்ந்த குரலில். “மூண்டு தரமும் வாகரையில இறங்கித் திரும்பிட்டன். ஆரெண்டு கேட்டவளிட்டப் போய் என்னண்டு நிக்கிறதெண்டு ஒரு ரோசம்… இவ்வளவு கிட்ட வந்து திரும்பினவன் உலகத்தில நான் ஒருத்தன்தான் இருப்பன்.”

மூன்று தரம்… வாகரையிலிருந்து அவள் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? எத்தனை மாலை அவள் அந்தக் கடைசி பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தாள்…

“மனே!” ஓட்டோவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “இன்னும் மூணு வீடு இருக்கு! போற வழியில எங்கயாச்சும் கால் முகம் கழுவிட்டுத்தான் போகணும். கெதியா வா புள்ள!”

“வாறன் அம்மா.”

சொன்னாளே தவிர, கால் நகரவில்லை. மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். திருநீறு கரைந்த முகம், கன்னத்தில் பவுடர் திட்டு, பிணத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டி… பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கத்தான் வாயெடுத்தாள்.

“நீங்க ஒருக்காக் கேட்டிருந்தா…” என்றாள்.

“இப்ப கேட்டா?”

வாவிப் பக்கமிருந்து காற்று அடித்தது. பந்தலின் வெள்ளைத் துணி படபடத்தது. ஓட்டோக்காரர் இயந்திரத்தை முடுக்கினார்.

“இப்பவும் அதைத்தான் சொல்லுவன்…” அவள் குரல் உடைந்தது. “அதாலதான், கேட்டிராதீங்க.”