கடைசிக் காட்சி முதலில்

காலை ஏழு மணிக்கு வேன் அந்தப் பழைய காவல் நிலையத்தின் வாசலில் வந்து நின்றது. கைதி ஒருவன் உள்ளே செத்த பிறகு மூடிய கட்டடமாம். படப்பிடிப்புக்குக் கிடைத்ததே பெரிது என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. குழுவில் எல்லோரும் 'ரத்தக்கா' என்று கூப்பிடும் மேக்கப்காரி தன் சாயப் பெட்டியோடு இறங்கினாள். காயமோ பிணமோ, அவள் கை பட்டால் தத்ரூபம். பின்னாலேயே அவளுடைய தம்பி இறங்கினான்.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த டி.வி. தொடர் ஊற்றிக்கொண்டுவிட்டது. வயதான துப்பறிவாளர் ஒருவர் வாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கும் கதை. ஐந்தே வாரம் ஓடியது, ஆறாவதோடு மூட்டை கட்டச் சொல்லிவிட்டது சேனல். அந்தக் கடைசி வாரத்தில், விசாரணையில் அடிபட்டுச் சாகும் கைதியாக ஒரு வேடம் இருந்தது. இயக்குநரின் கையைக் காலைப் பிடித்து அதைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை அவன். அவளுக்கு வேறு யாரும் கிடையாது.

லாக்கப்பில் ஜன்னல் வெளிச்சம் காலையில் மட்டும்தான் விழும். அதனால் கடைசிக் காட்சியான பிணக் காட்சியை முதலில் எடுத்தார்கள். இந்தத் தொழிலில் அது சகஜம். அவள் தம்பியின் கீழுதட்டைக் கிழித்தாள், இடப் புருவத்தைப் பிளந்தாள், முதுகில் மூன்று வரி இழுத்தாள். செத்த மாதிரியே இல்லையே என்று இயக்குநர் முகம் சுளித்ததும் வலது நெற்றிப்பொட்டில் ஒரு பள்ளம் வைத்தாள். அவளே மெச்சிக்கொள்ளும்படி அமைந்தது. காட்சி முடிந்ததும், பிற்பாடு அதே இடத்தில் வரைவதற்காகப் போனில் படமெடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அடிக்கும் காட்சிகள்.

துப்பறிவாளராக நடித்தவரை எல்லோரும் 'ஐயா' என்பார்கள். எழுபது வயது, யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர். முக்காலியில் கட்டியிருந்த தம்பியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அவர் கையை வீச வேண்டும். வீசினார்.

தம்பியின் கீழுதடு பிய்ந்து தொங்கியது.

ரத்தக்கா அவன் வாயில் ஏதோ சாயக் குப்பியை மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து மொத்தக் குழுவும் கை தட்டியது. அவள் எதையும் வைக்கவில்லை. அடுத்து ரப்பர் லத்தி, அழுத்தினால் வளைகிற பொம்மைச் சாமான். அது பட்ட இடத்தில் புருவம் எலும்பு தெரியப் பிளந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடையும் மூத்திர வாடையும் குப்பென்று ஏறின. பஞ்சோடு ஓடியவள், போனில் இருந்த படத்தை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

அதே இடம். அதே நீளம்.

ஓரத்தில் அவள் தூரிகை வழுக்கிய வளைவுகூட அப்படியே இருந்தது.

"அக்கா, நிஜமா வலிக்குதுக்கா" என்று தம்பி முனகினான்.

அந்த வசனம் நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள் என்றார் இயக்குநர். அவள் கெஞ்சினாள், கத்தினாள். சொந்த மேக்கப்பைப் பார்த்தே அக்கா பயப்படுகிறாளே என்று அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தம்பியின் முதுகில் மூன்று அடி விழுந்தது. உள்ளே அடி தாங்க நுரைப் பட்டை வைத்திருந்தும் சட்டை மூன்று வரியாகச் சிவந்தது. பாவிகளே என்று பாய்ந்து கயிற்றை இழுத்தாள். இழுத்தால் அவிழும் பொய் முடிச்சு அது. அவிழவில்லை. தம்பியின் தலை தொங்கிவிட்டது, தரையெல்லாம் ரத்தம்.

பொட்டு மட்டும்தான் பாக்கி.

அடம் பிடித்தால் வெளியே போ, இருப்பதானால் ஐயாவின் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நில், ஒரே ஒரு ஷாட்தான் என்று இயக்குநர் சீறினார். அவள் ஐயாவின் எதிரே போய் நின்றாள். கிழவரின் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"நான் அடிக்கலைம்மா" என்றார் மெல்ல. "யாரோ என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க."

சட்டைக் கையை விலக்கிக் காட்டினார். ஐந்து விரல் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் இன்னும் உள்ளே அமுங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த அறையில் அவள் எதை வரைந்தாலும் அது நடந்தே தீரும். அவர் கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தார். அவள் தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சின்னத் தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, கேமராவுக்குத் தெரியாத இடமாக, அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஒரு பிளவை வரைந்தாள். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"சில்லுனு இருக்கும்மா" என்றார் ஐயா. "நல்லா இருப்பே."

கேமரா ஓடியது. லத்தி தம்பியின் பொட்டை நோக்கி உயர்ந்தது. கிழவர் பலம் கொண்ட மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்தார். ரத்தத்தில் கால் வழுக்கியது. லாக்கப் கதவின் தாழ்ப்பாள் கொண்டி அவருடைய இடது காதுக்குப் பின்னால் இறங்கியது. அவர் உடனே விழவில்லை. கொண்டியிலேயே தொங்கிக்கொண்டு, கால் உதைத்துக்கொண்டு, அவளையே பார்த்தார்.

கயிறு தானாக அவிழ்ந்து தரையில் விழுந்தது.

வழுக்கி விழுந்து இறந்தார் என்று எழுதி முடித்தார்கள். ஆறாவது வாரம் ஒளிபரப்பாகவே இல்லை. தம்பிக்கு நாற்பது தையல், ஆனால் உயிர் இருந்தது. அவள் தொழிலைத் தலை முழுகினாள். பெட்டி, தூரிகை, சாயம் எல்லாவற்றையும் எரித்தாள். தினமும் காலையில் சின்னக் குழந்தையைப் போல அவனை நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பாள். அவனும் கிண்டல் பண்ணிக்கொண்டே நிற்பான். மூன்று மாதம் ஒன்றும் இல்லை.

நேற்று காலையில் அவளுக்கு முன்னால் அவன் எழுந்து சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, கழுத்துல என்னமோ பிசுபிசுன்னு ஒட்டுதுக்கா."

காதிலிருந்து காது வரை ஒரு சிவப்புக் கோடு. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் இல்லை, சாயம். இன்னும் காயவில்லை. முந்தானையால் துடைத்தாள், எண்ணெய் வைத்துத் துடைத்தாள், தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள்.

போகவில்லை.