கூப்பிட்ட கை

திண்ணையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த விஜயத்தின் வலது கை, அவளைக் கேட்காமலே எழுந்து, தெருவைப் பார்த்து "வா, வா" என்றது. அறுபத்தெட்டாம் வருஷம், அவளுக்கு ஏழாம் மாசம். மடியில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு, வளையல் குலுங்க அது மறுபடி கூப்பிட்டது.

"சின்ன வயசில மூட்டுக்காய்ச்சல் வந்திருக்குமே? அது வந்த சிலருக்குக் கர்ப்பத்தில் கை இப்படித் தானா ஆடும். பிள்ளை பிறந்ததும் நின்னுடும்," என்றாள் டாக்டரம்மா.

கரமனை அக்ரஹாரத்துக்கு அது தெரியவேண்டாமா? நிறுத்தத்தான் கை காட்டுகிறாள் என்று தெருமுனையில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிவந்து கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து வரும் மீன்காரி கூடையோடு தெருவுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"விளிச்சல்லோ, கை காட்டிக் கூப்பிட்டாங்க, அதான் வந்தேன்."

தெருவே மூக்கைப் பொத்தியது. ஆனால் மாமியார் சீதாலக்ஷ்மிக்கு ஒரு நியமம்: பிள்ளைத்தாச்சி கூப்பிட்டு வந்தவர் யாரானாலும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. எட்ட நின்று ஒரு தேங்காயை உருட்டிவிட்டாள்.

"இப்படியே போனா ஒரு தோப்பு வாங்கணும்டி. கொல்லையைப் பாத்து உக்காரு. அங்கே யார் வரப்போறா?"

கொல்லைக்கு அப்பால் ஆறு. மத்தியான வெயிலில் படித்துறையில் ஈ காக்கை இல்லை. பாசி வாடையும் ஈரமணல் வாடையும் அவள் உட்கார்ந்திருந்த கொல்லைக் கதவுவரை வந்து வந்து போயின, அடுக்களையில் மாமியார் தேங்காய் துருவும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது, கை மட்டும் சளைக்காமல் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. விஜயம் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள். தலைப்பால் கட்டிப் பார்த்தாள். முடிச்சுக்குள் விரல்கள் கூப்பிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை, கை நின்றது.

சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி மூச்சு விட்டாள். பிறகுதான் உறைத்தது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

கூப்பிடுவதை எப்போது நிறுத்துவோம்? ஆள் வந்த பிறகு.

படித்துறைக் கல்லில் ஈரம். கொல்லை மண்ணில் ஈரம். நிலைப்படியில்.

துருவும் சத்தம் நின்றது.

"யாருடி வந்திருக்கா?" உள்ளேயிருந்து மாமியார். "வெறுங்கையோட அனுப்பிடாதே."

எழப் பார்த்தாள். முடியவில்லை. பாசி வாடை முகத்துக்கு நேரே. அவள் கை இரண்டும் தரையில்தான் இருந்தன.

வயிற்றின்மேல், புடவையில், ஐந்து விரல் ஈரம் மெல்லப் பரவியது.

உள்ளே பிள்ளை அந்தப் பக்கமாகப் புரண்டது.