இன்னொரு பூனைக்குச் சோறு

சீனி பாதிச் சோற்றை மிச்சம் வைத்தது.

தட்டையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று ஸுஹறாவின் புருசன் சரிபுதீன் கேலி செய்கிற பூனை அது. புத்தளத்தில் இருந்த காலத்தில் மீன் வெட்டுகிற சத்தம் கேட்டால் மூன்று வேலி தாண்டி ஓடிவரும். லொறியில், பாய்களுக்கும் சட்டிகளுக்கும் நடுவே அட்டைப் பெட்டிக்குள் கத்திக்கொண்டே வந்து ஊரில் இறங்கிய நான்காம் நாள் மாலை, மீன் தலை பிசைந்த சோற்றில் சரியாகப் பாதியைத் தின்றது. மற்றப் பாதி கோடு போட்டுப் பிரித்ததுபோல அப்படியே கிடந்தது. பிறகு இரண்டடி பின்னால் போய், வாலைக் கால்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, சாமான் அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தது. வேறு யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கியது மாதிரி.

"தின்னன் புள்ள," என்று ஸுஹறா தட்டை அதன் முகத்துக்கு நேரே தள்ளினாள். சீனி தலையைத் திருப்பிக்கொண்டது.

காலையில் தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது. சீனி ராத்திரி எழும்பித் தின்றிருக்கும் என்று நினைத்து அவள் தட்டைக் கழுவினாள். அடுத்த மாலையும் பாதி. அதற்கடுத்த மாலையும் பாதி.

வீடு அவளுடைய வாப்பா கட்டியது. தொண்ணூறாம் வருசம் சண்டைக் காலத்தில் ஊரே வெளியேறிப் போய், இருபது வருசம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, ஓடு இல்லை, கூரை வளை இல்லை, ஜன்னல் சட்டமும் கதவு நிலையும் இல்லை. கிணற்றுக் கப்பியைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முன்பு குந்தியிருந்த இடமெல்லாம் உடைமரம் முளைத்திருந்தது. சரிபுதீன் முன் அறை இரண்டுக்கும் நிவாரணத் தகரம் போட்டான். பின்னால் இருந்த சாமான் அறைக்கு மட்டும் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. அதன் மேலே வாப்பா போட்ட கொங்கிறீற் தட்டு இருந்தது. ஜன்னல் ஒருபோதும் இருந்ததில்லை. அதன் பலகைக் கதவும் இருந்தது, வாப்பா தொங்கவிட்ட பூட்டு துருவேறி ஒரு கட்டியாகி.

"ஊர் முழுக்க ஒரு கதவு மிஞ்சேல்ல. எங்களுக்கு மட்டும் ஒண்டு கிடக்கு. அதிஷ்டம் எண்டுதான் சொல்லணும்," என்றான் சரிபுதீன். சிலாவத்துறையில் ஒருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன் அவன். எதிலும் நல்லதைக் காணப் பழகியிருந்தான். "ஆறுதலாப் பிறகு உடைச்சுத் திறப்பம்."

ஸுஹறா பூட்டைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

பகலில் அவன் போன பிறகு வீட்டில் அவளும் ஏழு மாதக் குழந்தை ஹஸ்னாவும்தான். சோளகக் காற்று கடலில் இருந்து மணலை அள்ளி வந்து தகரத்தில் வீசும். குழந்தையின் ஏணைக் கயிறு கூரை வளையில் உரசி முனகும். கருவாட்டு வாடையும் காய்ந்த உடைமுள்ளின் வாடையும் மாறி மாறி உள்ளே வரும். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. அரிசி புடைக்க உட்கார்ந்து பாதியில் எழும்புவாள். துணியை ஊறவைத்து மறந்துபோவாள். தூங்குகிற பிள்ளையை இரண்டு நிமிசத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பாள்.

ஒரு காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டே சரிபுதீன் சொன்னான்: "இன்னொரு பூனை வந்திருக்குப் போல. கத்தினது கேட்டியா?"

"இல்ல," என்றாள். பொய்.

"நல்லதுதான். எலி மா மூட்டையில ஓட்டை போட்டுட்டுது. சீனி ஒண்டால ஏலாது. அதையும் வளப்பம்."

"எதப் போட்டு வளப்பீங்க? நிவாரண அரிசி மாசம் முடியுமட்டும் காணாது. புள்ளைக்குப் பால்மா ஒரு பெட்டிதான் கிடக்கு. சீனிக்கே ஆமினா ராத்தாட்டக் கேட்டுத்தான் மீன் தலை வாங்கிறன்."

"ஒரு பிடி சோறுதானே, ஸுஹறா."

"அந்த ஒரு பிடியும் இல்ல. இந்த வீட்டுல ஒரு பூனைக்குத்தான் சோறு. ரெண்டுக்கு இல்ல!"

தேவைக்கு மேலே சத்தமாகச் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் புருசனைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சாமான் அறைப் பக்கம் திரும்பிச் சொல்லியிருந்தாள். அப்போது, அவ்வளவு நாளும் அடியில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அது என்ன சத்தம் என்று விளங்கியது. நகம். பலகையில் நகம் தேய்க்கிற சத்தம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சீனியைக் காணவில்லை.

வளவெல்லாம் கூப்பிட்டுத் தேடினாள். நாலு வீடு தள்ளிக் குடியேறியிருந்த ஆமினா ராத்தா வேலியோரம் வந்து நின்றாள்.

"உங்கட பூனை இஞ்சால வரேல்ல புள்ள. மத்தப் பூனை எண்டு உன்ட புருசன் சொல்லுறாரே, அதுதான் எனக்கு விளங்கேல்ல. நாங்க வந்து ரெண்டு மாசம். நரியக் கண்டன், யானைச் சாணியும் கண்டன். இந்த ஊருக்குள்ள ஒரு பூனைய நான் கண்ணால காணேல்ல."

ஸுஹறா வீட்டுக்குள் வந்தாள். சாமான் அறைக் கதவுக்கும் நிலத்துக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்கு இடைவெளி இருந்தது. பலகையின் அந்த விளிம்பில் வெள்ளை மயிர் ஒரு கொத்து சிக்கியிருந்தது. சீனியின் மயிர். வளர்ந்த பூனை நுழையக்கூடிய இடைவெளி அல்ல அது. இழுத்தால் ஒழிய.

அடுத்த மூன்று நாளும் எலி இல்லை. சரிபுதீன் மா மூட்டையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "வந்தது கெட்டிக்காரப் பூனைதான். சீனி கோவிச்சுக்கொண்டு போயிருக்கும், வரும்."

நான்காம் நாள் மஃரிப் தொழுது எழும்பியவனை அவள் பாயிலேயே பிடித்து உட்கார வைத்தாள். யாரிடமும், உம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

பதின்மூன்று வயதில் அவளிடம் ஒரு பூனைக்குட்டி இருந்தது. பட்டு என்று பெயர். ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்றைக்கு, கற்பிட்டிக்குப் போகிற வள்ளத்தில் மனிசருக்கே இடமில்லை, பூனை ஏற்ற முடியாது என்று வாப்பா ஏசினார். வெளியே விட்டால் நரி தூக்கும். அவள் எனாமல் கோப்பையில் பால் விட்ட சோறும் ஒரு சட்டி தண்ணீரும் வைத்து, பட்டுவைச் சாமான் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். வாப்பா அது தெரியாமல் பூட்டைப் போட்டார். எல்லாரும் சொன்னார்கள், மூன்று நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று.

"முகாம்ல இருந்து எண்ணுவன். இண்டைக்குச் சோறு முடிஞ்சிருக்கும். இண்டைக்குத் தண்ணி முடிஞ்சிருக்கும் எண்டு. ஒரு மாசம் எண்ணினன். அதுக்குப் பிறகு எண்ணப் பயம்."

சரிபுதீன் அவளுடைய தலையைத் தடவினான். "அது அப்பவே மவுத்தாப் போயிருக்கும், புள்ள. நாளைக்குக் கடலால திரும்பி வந்து உடைச்சுப் பாப்பம். எலும்பு கிடந்தா எடுத்துப் புதைப்பம். மனசு ஆறும்."

கதவுக்கு உள்ளே ஒரு பூனை மெல்லக் கத்தியது.

"கேட்டியா? அந்தக் கள்ளன் எங்கயோ ஓட்டை கண்டு உள்ள போயிருக்கிறான்," என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நடுவில் உடைந்து, கடைசியில் கேள்விபோல உயருகிற குரல். அவளைத் தவிர வேறு ஒருவரையும் அது அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் அவன் போன உடனேயே கூப்பிடத் தொடங்கியது. விடாமல் கூப்பிட்டது. காதைப் பொத்தினாள். கிணற்றடிக்குப் போனாள். அங்கேயும் கேட்டது. திரும்பி வந்தபோது ஹஸ்னா ஏணையிலிருந்து அந்தப் பக்கமாகக் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடைத்தது நான்தான், புதைக்க வேண்டியதும் நான்தான் என்று ஸுஹறா நினைத்தாள். மதிய வெயில் வாசலில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மூலையில் கிடந்த அலவாங்கை எடுத்துப் பூட்டின் வளையத்துக்குள் கொடுத்து நெம்பினாள். துரு உதிர்ந்தது. இரண்டாம் நெம்பில் வளையம் மரத்தோடு பிய்ந்து வந்தது.

அழுகல் நாற்றத்தை எதிர்பார்த்து முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். வந்தது வேறு வாசம். வெயிலில் கிடந்த மயிரின் வாசம், கொஞ்சம் பால் வாசம். பட்டுவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தால் வருகிற வாசம்.

நிலத்தின் நடுவே எனாமல் கோப்பை. பூச்சு இல்லை. நக்கி நக்கித் தகடு தேய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

பிறகு கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். அடியில், கணுக்கால் உயரத்தில், நூல்போல மெல்லிய கீறல்கள். குட்டியின் நகம். முழங்கால் உயரத்தில் கொஞ்சம் ஆழமாக. இடுப்பு உயரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு. அவள் தலையை உயர்த்தினாள். நெஞ்சு உயரத்தில். தலைக்கு மேலே. கதவு முடிந்து, சுவரில் சாந்து பெயர்ந்து, கொங்கிறீற் தட்டு வரைக்கும் நான்கு நான்காகக் கீறல். ஒவ்வொன்றும் அவளுடைய கை அகலம்.

அது சாகவில்லை.

வளர்ந்திருந்தது.

அறையின் மூலை இருட்டாக இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தாள். இருட்டு மூச்சு விட்டது. கொங்கிறீற் தட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு வெளிச்சங்கள் திறந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே. இடம் காணாமல் அது கழுத்தைச் சாய்த்து வைத்திருந்தது.

பூனைக்குட்டியின் குரலில் ஒருதரம் கத்தியது.

"இரு," என்றாள் ஸுஹறா. "பட்டு, இரு. கொண்டு வாறன்."

கதவைச் சாத்தினாள். அது சாத்த விட்டது.

அடுப்பில் இருந்த சோற்றை முழுக்கத் தட்டில் வழித்துக் கதவடியால் தள்ளினாள். சொரசொரப்பான ஏதோ ஒன்று சீமெந்தில் ஒரே இழுப்பில் உரசிப் போனது. தட்டு காலியாக வெளியே வந்தது. மறுபடி கூப்பிட்டது. பச்சை அரிசியைக் கொட்டினாள். பருப்பைக் கொட்டினாள். மீன் ரின் தகரம் இரண்டையும் உடைத்து ஊற்றினாள். மா மூட்டையை இழுத்து வந்து கிழித்துக் கொட்டினாள். எல்லாம் அந்த நாலு விரல் இடைவெளிக்குள் போயின. ஒரு மாசத்துச் சாமான். வெயில் வாசற்படியைவிட்டு இறங்க முன்னம் முடிந்துபோனது.

கூப்பிட்டது.

பால்மாப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் கொட்டினாள்.

கூப்பிட்டது. இந்தமுறை அவளை அல்ல. ஏணைப் பக்கமாக.

ஸுஹறா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். வெளியே ஓடலாம். முற்றத்தைத் தாண்டி ஆமினா ராத்தா வீட்டுக்கு ஓடலாம். ஒரு அடி வைத்தாள். பின்னால் கதவு தானாக ஒரு சாண் திறந்தது. நின்றாள். கதவும் நின்றது. அவள் திரும்பி வந்து, முதுகைக் கதவில் கொடுத்து, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தாள். பாரம் பட்டதும் கதவு மூடிக்கொண்டது.

பலகை அவளுடைய முதுகில் மெல்ல வந்து அழுத்தியது. விலகியது. மறுபடி அழுத்தியது. அது தலையை உரசிக்கொண்டிருந்தது. குர்ர் என்ற சத்தம் எழும்பிப் பலகை அதிர்ந்தது, நிலம் அதிர்ந்தது, மடியில் கிடந்த ஹஸ்னா அந்த அதிர்வில் கண்ணயர்ந்தாள்.

வேறு என்ன இருக்கு. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். தின்ன வேறு என்ன இருக்கு இந்த வீட்டில்.

முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது.

"ஸுஹறா!" சரிபுதீனின் குரல், நல்ல மீன்பாடு கிடைத்த நாளின் குரல். "வெளிய வந்து பாரன். சூடை மீன் ஒரு பை. அந்த மத்தப் பூனைக்கும் சேத்துத்தான்."

வராதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

குர்ர் சத்தம் நின்றது.

அவன் ஈர மீன் பையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான். கிழிந்த மூட்டையைப் பார்த்தான். நிலத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் பலகை ஓசையில்லாமல் விலகியது. அவளுடைய தலையில் சூடான மூச்சு பட்டு, முந்தானை தோளில் இருந்து நழுவியது.

சரிபுதீனின் கண்கள் அவளுடைய முகத்தைவிட்டு மேலே ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன.